கவலை வேண்டாம், அழிக்கவும்

காரைக்குடி செக்காலை ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் ஏகப்பனுக்குத் தபால்காரர் வரும் நேரம்தான் பூஜை நேரம். காலை பதினொரு மணிக்குள் குளித்து, திருநீறு இட்டு, சலவை வேட்டி கட்டி மேசை முன்னால் உட்கார்ந்துவிடுவார். மேசை மேல் மூன்று கோப்புகள் இருக்கும். ஒன்றின் முதுகில் ‘பாராட்டு’ என்று எழுதியிருக்கும். அடுத்ததில் ‘பொறாமை’. மூன்றாவதில் ‘புரியாதவர்கள்’. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு எழுதக்கூடிய கடிதம் எதுவானாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பது அறுபத்தோரு வயதில் அவர் கண்டடைந்த உண்மை.

ஏகப்பன் எழுத்தாளர். கதை எழுதி அழவைக்கும் எழுத்தாளர் அல்ல. கணினிக் கையேடு எழுதி அழவைக்கும் எழுத்தாளர்.

ஒரு காலத்தில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் வைத்திருந்தார். தட்டச்சுப் பொறிகளைப் பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போன அன்று கலங்கிய கண்ணோடு ஒரு கணினி வாங்கினார். நான்கு மாதம் அதைக் கற்றார். ஐந்தாம் மாதம் ஊருக்கே கற்பிக்கப் புத்தகம் எழுதிவிட்டார். ‘பயப்படாதே, தட்டு!’ என்ற அந்த முதல் நூலின் அட்டையில் ‘கணினிச் செல்வர் ஏகப்பன்’ என்று அச்சிட்டிருந்தது. பட்டம் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது நூல் வந்தபோது அவரே மறந்துவிட்டார்.

நேமத்தான்பட்டியில் இருக்கும் பூர்வீக வீட்டை அவருடைய பங்காளிகள் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக மாற்றிவிட்டார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஏகப்பன் நெஞ்சை நிமிர்த்துவார். “அவுக வீட்டை ஊருக்கு விட்டாக. நான் அறிவை ஊருக்கு விட்டேன்” என்பார். அவர் மனைவி சீதை ஆச்சி அடுப்படியில் இருந்தபடியே, “அவுக விட்டதுல ஆளு வந்து தங்குது” என்பாள்.

பதினான்கு நூல்கள். பதினான்கிலும் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு சொற்கள் தவறாமல் வரும்: ‘கவலை வேண்டாம்.’ திரை கறுத்துப்போனால் கவலை வேண்டாம். எழுத்து ஓடி மறைந்தால் கவலை வேண்டாம். வாசகர்களோ கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். கடிதம்தான் எழுத வேண்டும் என்பது ஏகப்பனின் கட்டளை. கணினி கற்பிக்கும் அந்த மகானின் நூலில் தொலைபேசி எண் கிடையாது. மின்னஞ்சல் முகவரி ஒன்று உண்டு. அதை மாதம் ஒருமுறை, அமாவாசை போல, திறந்து பார்ப்பார்.

‘ஐயா, நாற்பத்தாறாம் பக்கத்தில் வலது பக்கம் சொடுக்கவும் என்று போட்டிருக்கிறீர்கள். அது இடது பக்கமாக அல்லவா இருக்கிறது? நாற்பத்தேழாம் பக்கத்தைச் சொல்கிறீர்களா?’ என்று ஒருவர் எழுதினார்.

‘இரண்டு முறை சொடுக்கினால் திறக்கும் என்றீர்கள். பத்து விரலிலும் இரண்டிரண்டு முறை சொடுக்கிவிட்டேன். விரல்தான் வீங்கியிருக்கிறது’ என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தார்.

தேவகோட்டையிலிருந்து சேவுகப்பெருமாள் என்ற ஓய்வுபெற்ற நில அளவையாளர், அங்குலம் பிசகாமல் சொன்னதைச் செய்து பழகியவர், ‘கோப்பைத் திறக்கவும் என்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கோப்பைகளுக்கு மூடி கிடையாது. மூடி போட்ட கோப்பை வாங்க வேண்டுமா?’ என்று கேட்டிருந்தார். இவர் மாதம் மூன்று கடிதம் எழுதுவார். ஏகப்பனின் உயிரை வாங்க இந்த மண்ணில் பிறந்தவர் ஒருவர் உண்டென்றால் அவர்தான்.

இவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில். அதை அஞ்சலட்டையில் ஆயிரம் பிரதி அச்சடித்து வைத்திருந்தார். ‘அன்புடையீர், நூலை மறுபடியும் நிதானமாகப் படிக்கவும். நூலில் உள்ளபடியே செய்யவும். கவலை வேண்டாம்.’ கடிதத்தின் மேல்வரியைப் பார்ப்பார். ‘ஐயா, ஒரு சந்தேகம்’ என்று ஆரம்பித்தால் கீழ்வரிக்குப் போகமாட்டார். அட்டையில் முகவரி எழுதுவார், கடிதத்தை மூன்றாவது கோப்பில் செருகுவார், தீர்ந்தது.

“அந்தப் புள்ளைக என்னதான் கேக்குதுகன்னு ஒரு தடவையாச்சும் படிச்சுப் பாக்கக் கூடாதா?” என்று சீதை கேட்டதுண்டு.

“படிச்சா நமக்கே சந்தேகம் வந்துரும் சீதை. ஆசிரியருக்குச் சந்தேகம் வரலாமா?”

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் விதி ஓர் எழுத்தின் வடிவத்தில் வந்து நின்றது. அந்த எழுத்து ‘ழ’.

ஏகப்பனின் நாக்குக்கும் ழகரத்துக்கும் பிறந்ததிலிருந்தே பகை. பள்ளிக்கூடத்தில் ‘பழம்’ என்று சொல்லச் சொல்லிப் பிரம்பு முறிந்ததே தவிர, அவர் வாயிலிருந்து ‘பளம்’தான் வந்தது. அதனால் என்ன, எழுத்தாளர் பேச வேண்டிய அவசியம் இல்லையே என்று காலம் ஓடியது. பதினான்காவது நூலுக்கு வந்தபோது கைவிரல் மூட்டெல்லாம் வலி. பேசினால் தானே தட்டச்சு செய்துகொள்ளும் வசதி கைபேசியில் இருப்பதைக் கண்டார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, பதினோரு நாளில் ஒரு முழு நூலையும் பேசியே முடித்தார். ‘இதோ இணையம், இனியேது கவலை!’

கைபேசி நன்றியுள்ள ஜீவன். அவர் சொன்னதை அப்படியே எழுதியது.

பிரதி அச்சகத்துக்குப் போனது. அங்கே பக்கம் வடிவமைக்கும் கல்யாணசுந்தரி பதினைந்து வருடமாக அவருடைய நூல்களைத் தாங்கிவருபவள். மூன்று நாள் உட்கார்ந்து ‘தமிள்’ளைத் தமிழாக்கினாள், ‘வாள்க்கை’யை வாழவைத்தாள். நான்காம் நாள் ஏகப்பனை அழைத்தாள்.

“அண்ணே, ‘தேவையில்லாத கோப்புகளை அளிக்கவும்’னு இருக்கே. யாருக்கு அளிக்கிறது?”

“அட, அளிக்கவும்னா… அளிக்கவும்மா. ரப்பர் வச்சு அளிப்போம்ல, அது.”

“அது எனக்குத் தெரியுதுண்ணே. இன்னொரு பக்கம் ‘நிரப்பிய படிவத்தை அளிக்கவும்’னு இருக்கு. அது குடுக்குற அளிக்கவும்.”

அங்கேதான் ஏகப்பனின் தனித்தமிழ்ப் பற்று வேலை செய்திருந்தது. இணையத்தில் விண்ணப்பம் நிரப்பினால் கடைசியில் ‘சமர்ப்பி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது வடசொல், தன் நூலுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று ‘அளிக்கவும்’ என்று எழுதியிருந்தார்.

“ஒண்ணொண்ணாப் பாத்து மாத்தணும்ணே. ரெண்டு நாள் குடுங்க.”

“ரெண்டு நாளா?” ஏகப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் கல்யாணசுந்தரிக்கு வயிறு எரிகிறது. “ஏம்மா, என் நூலை நீயே வடிவமைக்கிற, படிக்கிறதில்லையா? ஒம்பதாம் அத்தியாயம் என்ன? ‘ஒரே சொடுக்கில் ஓராயிரம் திருத்தம்.’ தள்ளு அங்குட்டு.”

“வேணாம்ணே.”

“தள்ளுங்கிறேன்.”

உட்கார்ந்தார். ‘ளிக்க’ என்று வரும் இடமெல்லாம் ‘ழிக்க’. ‘ளித்த’ என்று வரும் இடமெல்லாம் ‘ழித்த’. ‘ளிப்’ என்றால் ‘ழிப்’. எல்லாவற்றையும் மாற்று. மூன்று சொடுக்கு. திரையில் ‘இருநூற்றுப் பன்னிரண்டு இடங்கள் மாற்றப்பட்டன’ என்று வந்தது. ஏகப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போர்க்களத்திலிருந்து திரும்புபவரைப் போலப் படியிறங்கினார்.

நூல் வந்து மூன்று மாதம் ஆயிற்று. கடிதங்கள் வழக்கத்தைவிட அதிகமாக வந்தன. மேல்வரியில் எல்லாம் ‘ஒரு சந்தேகம்’. ஏகப்பன் அட்டைகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். ஆயிரம் தீர்ந்து மறுபடி ஆயிரம் அடித்தார். நூல் இவ்வளவு ஆழமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று மகிழ்ந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு அவருக்குப் பாராட்டு விழா. ‘கணினித் தமிழ்க் காவலர்’ என்ற பட்டம். இந்த முறை பட்டத்தை வேறொருவர் கொடுக்கிறார் என்பதே அதன் சிறப்பு. நூல் நேயர் மன்றம் ஒன்று ஏற்பாடு செய்திருந்தது. அதன் தலைவர், செயலாளர், உறுப்பினர் யாவரும் அவரிடம் தட்டச்சு கற்றவர்கள். மேடையில் வாசிக்க நெஞ்சைத் தொடும் வாசகர் கடிதம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ‘பாராட்டு’ கோப்பில் இருந்ததோ நான்கு கடிதம். அதில் மூன்று மைத்துனர் எழுதியது.

தபால்காரர் வந்தார். ஒரே ஒரு கடிதம். ஏகப்பன் மேல்வரியைப் பார்த்தார். ‘ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.’ அவர் கண் பனித்தது. தெய்வம் இருக்கிறது!

“சீதை! இந்தா, இங்க வந்து உக்காரு. கேளு.”

பதினைந்து வருடத்தில் முதல்முறையாக ஒரு கடிதத்தைக் கீழ்வரி வரைக்கும் படித்தார்.

‘ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. என் முதல் கடிதத்துக்கு நீங்கள் அனுப்பிய பதில் அட்டை கிடைத்தது. மனத்தில் இருந்த பயம் போய்விட்டது. எங்கள் ஊர் நூலகத்தில் உதவியாளர் வேலைக்கான விண்ணப்பத்தை நானே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பினேன். யாரிடமும் உதவி கேட்கவில்லை. முடித்ததும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் உள்ளபடியே அழித்தேன். படிவம் மறைந்துவிட்டது. மறைந்துவிடும், கவலை வேண்டாம் என்று நீங்கள் முன்கூட்டியே எழுதியிருந்ததால் நான் கவலைப்படவில்லை. கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. மற்றவர்கள் அன்றைக்கு ஓடுவார்கள். நான் நிம்மதியாக இருப்பேன். அடுத்த மாதம் எனக்கு நாற்பது வயது முடிகிறது. அதற்குப் பிறகு இந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. எல்லாம் உங்களால்தான் ஐயா. பல்கீஸ், மானகிரி.’

ஏகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாத்தியா? மேடையில இதை வாசிச்சா ஒரு கண்ணு காஞ்சிருக்காது.”

சீதை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பொண்ணு என்னத்தை அழிச்சுதாம்?”

“படிவத்தை.”

“அழிச்சா எப்படிங்க போகும்?”

“அளிச்சாத்தானே போ…” என்று ஆரம்பித்தவர் நின்றார். அவர் வாயில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கடிதத்தில் இருந்த எழுத்து அவருடைய வாய் அல்ல. அது தெளிவான, அழகான, கோணலே இல்லாத ‘ழ’.

நூலை எடுத்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ‘படிவத்தை முழுதும் நிரப்பிய பின் அழிக்கவும். அழித்த பின் படிவம் திரையிலிருந்து மறைந்துவிடும். கவலை வேண்டாம்.’

முதல் பக்கத்தைத் திருப்பினார். ‘இந்நூலுக்கு ஆதரவழித்த அனைவருக்கும் நன்றி. வாசகர் கேள்விகளுக்கு உடனுக்குடன் பதிலழிக்கப்படும்.’

சீதை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். மணமாகி முப்பத்தைந்து வருடத்தில் கணவருடைய நூலை அவள் புரட்டியது அதுவே முதல் தடவை. “‘என் வாழ்வின் அன்பழிப்பாக வந்த துணைவி சீதை அழித்த ஊக்கம்.’ நல்லாத்தேன் எழுதியிருக்கீக. நான் எப்பங்க உங்க ஊக்கத்தை அழிச்சேன்? இது ஊரு பூரா போயிருக்கா?”

ஏகப்பன் மூன்றாவது கோப்பைப் பிரித்தார். எல்லாக் கடிதமும் அதையே கேட்டிருந்தது. அழிக்கவா? அழித்துவிட்டால் போய்விடாதா? நிச்சயமாக அழிக்கத்தானா? கீழ்ப்பகுதியில் பல்கீஸின் முதல் கடிதமும் இருந்தது. ‘ஐயா, ஒரு சந்தேகம். கஷ்டப்பட்டு நிரப்பியதை ஏன் அழிக்கச் சொல்கிறீர்கள்?’ அதற்குத்தான் அந்த அட்டை போயிருந்தது.

மணி பன்னிரண்டரை. அவள் சொன்ன வெள்ளிக்கிழமை இன்றுதான். கடிதத்தில் தொலைபேசி எண் இல்லை. நூலில் எண் தராதவருக்கு வாசகி மட்டும் எப்படித் தருவாள்?

கல்யாணசுந்தரிக்கு போன் போட்டார். “அம்மாடி, நீ ஒரு எட்டு மானகிரி வரைக்கும் போயி…”

“எதுக்குண்ணே?”

சொன்னார்.

“நான் வேணாம்னேன். நீங்க தள்ளுன்னீக. தள்ளிட்டேன். இப்பவும் தள்ளியே இருந்துக்கிறேன்ணே.” போனை வைத்துவிட்டாள்.

ஏகப்பன் கூடத்தில் இங்குட்டும் அங்குட்டும் நடந்தார். போனால் விழா போய்விடும். உண்மையைச் சொன்னால் பெயர் போய்விடும். போகாமலிருந்தால்? யாருக்குத் தெரியப்போகிறது? வேலை கிடைக்கவில்லை என்றால் அவள் தலையெழுத்தை நொந்துகொள்வாள். இந்த உலகில் எத்தனையோ பேர் அப்படித்தானே நொந்துகொள்கிறார்கள்? இந்த எண்ணம் அவருக்கு இதமாகத்தான் இருந்தது. ஒன்றரை மணி நேரம் இதமாக இருந்தது.

இரண்டு மணிக்குச் சீதை விழாவுக்கு எடுத்து வைத்திருந்த பட்டுக்கரை வேட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். “கட்டுங்க. கீழ ஆட்டோ நிக்குது. மானகிரிக்குன்னு சொல்லிட்டேன்.”

மானகிரியில் பல்கீஸின் வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. கதவைத் திறந்தவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்துபோனது.

“யா அல்லா! நீங்களா ஐயா? புத்தகத்து அட்டையில பாத்த மாதிரியே இருக்கீக. என்ன, அதுல முடி இருக்கும். வாங்க, வாங்க!”

உட்காரவைத்தாள். நன்னாரி சர்பத் கலந்து கொடுத்தாள். மேசையில் மடிக்கணினி துணி போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் ‘இதோ இணையம், இனியேது கவலை!’ பழுப்புத்தாள் அட்டை போட்டு, நடுவே அடையாளத்துக்கு ஏதோ செருகி, பள்ளிப்பிள்ளையின் பாடநூல் போல இருந்தது. செருகியிருந்தது அவர் அனுப்பிய அஞ்சலட்டை.

“இவ அத்தா குவைத்துல இருக்காக” என்று சுவரில் இருந்த மகளின் படத்தைக் காட்டிக் கணவரைப் பற்றிச் சொன்னாள். “முஜிபுர் ரகுமான்னு பேரு. எதுனாலும் ‘நான் வந்து பாத்துக்கிறேன் புள்ள’ம்பாக. இருபது வருசமா வந்து பாத்துக்கிட்டுத்தேன் இருக்காக. இந்த ஒண்ணை மட்டும் நானே செஞ்சிருவோம்னு யாருகிட்டயும் சொல்லலைய்யா. வேலை கிடைச்சதும் சொல்லணும். ஏன் ஐயா, சர்பத்து இனிக்கலையா?”

மீதி சர்பத்தை ஒரே மடக்கில் குடித்தார். “விண்ணப்பம்… சரியாப் போயிருச்சான்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்மா. வாசகர்கள் வீட்டுக்கு நேர்ல போறது என் வழக்கம்” என்றார் ஏகப்பன். அந்த வழக்கம் பிறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

பல்கீஸ் கணினியைத் திறந்தாள். பதிவு எண்ணைத் தட்டினாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ‘விண்ணப்பம் பெறப்படவில்லை.’

அவள் மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே வரி. முகத்தில் இருந்த வெளிச்சம் யாரோ ஊதி அணைத்தாற்போலப் போயிற்று.

“நான் எதுனா தப்பா அழிச்சுட்டேனாய்யா?”

இதோ அந்தக் கணம்! இடி இடிக்க வேண்டிய கணம், வானம் பிளக்க வேண்டிய கணம். ஆனால் இடிக்கவில்லை. மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஏகப்பன் வாயைத் திறந்தார்.

“கை கிய் தவறிப் பட்டிருக்கும்மா. புதுசுல எல்லாருக்கும் ஆகும். கவலை வேணாம்.”

சொல்லிவிட்டார். கணினித் தமிழ்க் காவலர் அப்படித்தான் சொன்னார். பல்கீஸ் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல.

“இன்னும் நேரம் இருக்கும்மா. மறுபடி நிரப்பிருவோம்” என்று அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார் ஏகப்பன். சுட்டியைத் தானே பிடித்தார். அவருடைய நூலில் இடப்பக்கம் இருந்த பட்டியல் இங்கே மேலே இருந்தது. மேலே இருக்க வேண்டியது எங்கேயோ போயிருந்தது. உள்ளே நுழைய, நெளிந்து கிடந்த எழுத்துகளைப் பார்த்து அப்படியே தட்டச் சொன்னது திரை. தட்டினார். தவறு என்றது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தட்டினார். தவறு. ‘நீங்கள் மனிதர்தானா என்பதை உறுதிசெய்யவும்’ என்று கேட்டது. அன்று மத்தியானத்திலிருந்து ஏகப்பனுக்கே அதில் உறுதி இல்லை.

“ஐயா, நீங்க கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி உக்காருங்க” என்றாள் பல்கீஸ்.

தள்ளி உட்கார்ந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஒருமுறை செய்த வேலை. ஒவ்வொரு கட்டமும் மனப்பாடமாக இருந்தது. பெயர், பிறந்த தேதி, பத்தாம் வகுப்பு மதிப்பெண், சான்றிதழ் எண். ஏகப்பனின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

“அண்ணே, எங்க இருக்கீக? மேளம் வந்துருச்சு. பொன்னாடை கையில வச்சுக்கிட்டு நிக்கிறோம்.”

“வர்றேன், வர்றேன். ஒரு முக்கியமான… வாசகர் சந்திப்பு.”

நான்கு மணிக்கு ஒருமுறை அழைத்தார்கள். நாலே கால், நாலரை. நடுவில் இணையம் பத்து நிமிடம் நின்றுபோனது. புகைப்படம் ஏறமாட்டேன் என்றது. பல்கீஸ் அதைச் சிறிதாக்கி ஏற்றினாள். அந்த வித்தை அவருடைய எந்த நூலிலும் இல்லை. நாலு ஐம்பதுக்குக் கடைசிக் கட்டம் நிரம்பியது. திரையின் அடியில் இரண்டு பொத்தான்கள். பச்சையில் ‘சமர்ப்பி’. சாம்பல் நிறத்தில் ‘அழி’.

பல்கீஸ் நூலைப் பிரித்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். விரலை வைத்து வரியைப் படித்தாள். இந்தத் தடவை கை தவறக் கூடாதே! பிஸ்மில்லா என்று முணுமுணுத்து, அம்புக்குறியை நிதானமாக, மிக நிதானமாக, சாம்பல் நிறப் பொத்தானை நோக்கி நகர்த்தினாள்.

“அளிக்காதம்மா!” என்று அலறினார் ஏகப்பன்.

அவள் கை நின்றது. “என்னய்யா?”

“அளிக்காத! அந்தப் பச்சையை அமுக்கு!”

“புத்தகத்துல அழிக்கத்தானே சொல்லியிருக்கீக? நான் சந்தேகமாக் கேட்டதுக்கும் ‘நூலில் உள்ளபடியே செய்யவும்’னு கார்டு போட்டீகளே?” அஞ்சலட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். அதிலும் கணினிச் செல்வர் என்ற எழுத்துக்குக் கீழே அவருடைய புகைப்படம் முடியோடு சிரித்தது.

மணி நாலு ஐம்பத்து மூன்று.

“புத்தகம் தப்பும்மா” என்றார் ஏகப்பன். பதினான்கு நூலில், ஆயிரக்கணக்கான பக்கத்தில், இரண்டாயிரம் அட்டையில் ஒருமுறைகூட எழுதாத வாசகம். “உன் கை தவறலை. புத்தகந்தேன் தப்பு. புத்தகத்தைப் பாக்காத. பச்சையை அமுக்கு.”

அமுக்கினாள். ஒரு சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, ‘உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது’ என்று ஓர் எண் வந்தது. பல்கீஸ் அந்த எண்ணைக் கையில் எழுதினாள், தாளில் எழுதினாள், சுவர் நாட்காட்டியில் எழுதினாள்.

பிறகுதான் திரும்பினாள். நன்றி சொல்வாள், காலில்கூட விழுவாள் என்று ஏகப்பனுக்கு ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்தது. பழக்கதோஷம்.

“ஐயா, என் மொதல் லெட்டரை நீங்க படிச்சீகளா?”

மின்விசிறி கடகடத்தது.

“படிக்காமத்தேன் கார்டு போட்டீகளா?”

ஏகப்பன் காலி சர்பத் டம்ளரைப் பார்த்தார்.

“வந்த உடனே என் கைதேன் தவறிருச்சுன்னீகளே. அதுவும் தெரிஞ்சுதேன் சொன்னீகளா?” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ‘பொறாமை’ கோப்பில் சேர்த்திருக்கலாம். அவள் நூலையும் ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “இதைத் திருத்திக் குடுத்துட்டுப் போங்க. இருநூறு இடமா இருந்தாலும் சரி, உக்காந்து ஒவ்வொண்ணா. நான் டீ போடுறேன்.”

அன்று பாராட்டு விழாவில் பொன்னாடை நாற்காலிக்குப் போர்த்தப்பட்டது. பட்டத்தை மைத்துனர் வாங்கிக்கொண்டார். கணினித் தமிழ்க் காவலர் மானகிரியில் சிவப்புப் பேனாவோடு ‘ழ’வை அடித்து ‘ள’ போட்டுக்கொண்டிருந்தார். எங்கே அடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று ஒவ்வொரு இடத்திலும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், அதனால் எந்தப் பயனும் இல்லாததால் பல்கீஸைக் கேட்டுக் கேட்டுப் போட்டார்.

இதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று முடித்தால் கண்ணீரோடு மூடிவைக்கலாம். ஆனால் ஏகப்பன் ஏகப்பன்தான்.

மறுநாள் எல்லா வாசகர்களுக்கும் திருத்தம் அனுப்ப வேண்டும் என்றார். “ஒவ்வொரு பக்கமாப் போட்டு நாலு பக்கப் பட்டியல் அடிப்போம்ணே” என்றாள் கல்யாணசுந்தரி. “நாலு பக்கமா? ஒரே வரியில முடிக்கிறேன் பாரு” என்றார் அவர். அட்டை அச்சாகிப் போயிற்று: ‘இந்நூலில் அழிக்கவும் என்று வரும் இடங்களில் எல்லாம் அளிக்கவும் என்று படித்துக்கொள்ளவும். நூலில் உள்ளபடியே செய்யவும். கவலை வேண்டாம்.’

அமாவாசையன்று மின்னஞ்சலைத் திறந்தார். திறக்கவில்லை. பெட்டி நிரம்பி வழிந்தது. கல்யாணசுந்தரி வந்து பார்த்தாள். எல்லாம் தேவகோட்டை சேவுகப்பெருமாள் அனுப்பியவை. காலை வணக்கப் படங்கள், பாதியில் நின்ற வீடியோக்கள், எட்டு வருடத்துப் பழைய ரயில் சீட்டுகள், பெயர் தெரியாத கிருமி பிடித்த கோப்புகள். மேலே ஒரு குறிப்பு. ‘ஐயா, எண்பத்தெட்டாம் பக்கத்தில் தேவையற்ற கோப்புகளை எல்லாம் அளிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அறுநூற்றுப் பத்து அளித்துள்ளேன். மீதி நாளை.’

“இப்ப இதையெல்லாம் என்னண்ணே செய்ய?” என்றாள் கல்யாணசுந்தரி.

“அளிச்சிரு” என்றார் ஏகப்பன் பலவீனமாக.

“யாருக்கு?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

அப்போதுதான் தபால்காரர் மணி அடித்தார். ஒரே ஒரு கடிதம், மானகிரியிலிருந்து. ஏகப்பன் மேல்வரியைப் பார்த்தார், பிறகு பயந்துகொண்டே கீழ்வரி வரைக்கும் படித்தார்.

‘ஐயா, தேர்வுக்கு நுழைவுச்சீட்டு வந்துவிட்டது. அதை இறக்கி அச்செடுப்பது எப்படி என்று உங்கள் புத்தகத்தில் நூற்று முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. கவலை வேண்டாம். பல்கீஸ்.’

வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பாராட்டா, பொறாமையா, புரியாதவர்களா? எந்தக் கோப்பில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மேசை மேலேயே விட்டுவிட்டார்.